நிற்க மறுக்கும் ரேடியேட்டர் விசிறி



காரை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்த பின்னரும் முன்புறத்தில் ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தால், வீட்டாருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றும். "தானாக நின்றுவிடும்" என்பது ஒன்று. "விசிறி கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்" என்பது மற்றொன்று. முதல் எண்ணத்தை நம்பி இரவு உறங்கச் சென்றால் விடியற்காலையில் பாட்டரி உயிரற்றுக் கிடக்கும். சிறிய காரின் பாட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி அளவு உடையது. விசிறியோ 10 ஆம்பியருக்குக் குறையாமல் மின்சாரம் குடிக்கக் கூடியது. மூன்று, மூன்றரை மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிடும். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணையோ, மூச்சுத் திணறும் முதியவரையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நம்பியிருந்த வண்டி அசையாது நிற்கும்.

இரண்டாவது எண்ணத்தை நம்பினால் பணம் வீணாகும். விசிறி கெட்டிருந்தால் அது சுழலவே சுழலாது. சுழல்கிறதென்றால் அதன் மோட்டார் உயிரோடிருக்கிறது என்பதே பொருள். மொழிப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்வதானால், "விசிறி சுழல்கிறது" என்பது பிழை; "சுழற்றப்படுகிறது" என்பதே சரி. அதற்கு ஆணையிடுவது யார் என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது.

முதலில், இது கோளாறுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய அம்பாசடர் காரில் விசிறி பெல்ட்டின் வழியாக எஞ்சினுடன் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடும். இன்றைய கார்களில் அது தனி மின்மோட்டாரில் ஓடுவது. எஞ்சினைச் சுற்றிவரும் கூலண்ட் நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியஸை நெருங்கும்போது விசிறி இயங்கத் தொடங்கி, சில பாகை இறங்கியதும் நின்றுவிடும். ஏ.சி. போட்டால் எஞ்சின் குளிர்ந்திருந்தாலும் விசிறி ஓடும், அது முறையானதே. வண்டியை அணைத்த பிறகும் சில நிமிடங்கள் ஓடி நிற்கும்படி அமைக்கப்பட்ட மாடல்களும் உண்டு. ஆகவே ஒரு சோதனை போதும். இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில், காலையில் ஏ.சி.யை அணைத்து வைத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். அந்தக் கணமே விசிறி சீறிக்கொண்டு கிளம்பி நிற்காமல் ஓடினால் அது கோளாறே. இச்சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்து, சாவியை முழுவதும் அணைத்த பிறகும் ஓடுகிறதா, சாவி போட்டிருக்கும்போது மட்டும் ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு வேறுபாடு பாதி விடையைத் தந்துவிடும்.

சாவியை அணைத்து நெடுநேரம் கழிந்தும் ஓடினால் முதல் ஐயம் ரிலேயின் மீது. ரிலே என்பது ஃப்யூஸ் பெட்டியில் செருகப்பட்டிருக்கும், தீப்பெட்டியிலும் சிறிய கறுப்புக் கட்டி. சிறு மின்சாரத்தை வாங்கிக்கொண்டு பெருமின்சாரத்தைத் திறந்துவிடும் வாயிற்காவலன் அது. அதன் உள்ளே இரு உலோக முனைகள் கூடுவதும் பிரிவதுமாக இருக்கும். பலமுறை தீப்பொறி பட்டு அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கதவு மூடாது. ஃப்யூஸ் பெட்டி மூடியில் உள்ள படத்தைப் பார்த்து விசிறியின் ரிலேயைக் கண்டறிந்து பிடுங்குங்கள். விசிறி நிற்காவிட்டால் ரிலேக்கு அப்பால் ஒயரில் எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது. அது எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டிய வேலை. நின்றுவிட்டால், அதே எண்ணும் அதே முனை அமைப்பும் கொண்ட வேறொரு ரிலேயை, பெரும்பாலும் ஹாரனுக்கு உரியது பொருந்தும், அவ்விடத்தில் செருகிப் பாருங்கள். விசிறி ஓடாமலிருந்தால் குற்றவாளி பழைய ரிலேதான். விசிறி மோட்டாரோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் ரிலேயைத் தட்டி விசிறியை நிறுத்திக் காட்டும் மெக்கானிக்குகள் உண்டு. ஒட்டிய முனை அதிர்ச்சியில் பிரிந்ததே காரணம். மறுநாள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். தட்டியதற்குக் கூலி கொடுத்துவிட்டு ரிலேயை மாற்றாமல் வந்துவிடாதீர்கள்.

நல்ல ரிலேயைச் செருகிய பின்னும், சாவி போட்டவுடன் விசிறி ஓடுகிறது என்றால் ஆணை மேலிடத்திலிருந்து வருகிறது. இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். காரணம், பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் விதி நேர்மாறானது.

பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் இருப்பது வெப்ப சுவிட்ச். சூடானால் இணையும், ஆறினால் பிரியும். அதன் ஒயரைக் கழற்றினால் விசிறி நிற்க வேண்டும். நின்றால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். டொயோட்டா வண்டிகள் சிலவற்றில் இதுவும் தலைகீழ் என்பதை நினைவில் வையுங்கள். கணினி பொருத்திய இன்றைய வண்டிகளில் இருப்பதோ வெப்பத்தை அளந்து சொல்லும் சென்சார். அதன் ஒயர் கழன்றால் கணினிக்கு எஞ்சினின் வெப்பநிலை தெரியாமல் போய்விடும். தெரியாத நிலையில் எஞ்சினைக் காக்க எது பாதுகாப்போ அதையே கணினி செய்கிறது: விசிறியை ஓயாமல் ஓடவிடுகிறது. ஆகவே இத்தகைய வண்டியில் சென்சாரின் ஒயரைக் கழற்றி, "இப்போதும் ஓடுகிறதே, எனவே சென்சாரில் பழுதில்லை" என்று ஒருவர் முடிவு சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஓயாத விசிறி அங்கே ஓர் அபயக் குரல். சென்சாரின் ஒயர் அறுந்திருக்கலாம். அல்லது, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் உள்ளவர்கள் நன்கறிவீர்கள், உப்புக் காற்று பட்டு இணைப்பு முனையில் பச்சை நிறக் களிம்பு ஏறியிருக்கலாம். அந்த முனையைத் துடைத்து மாட்டியதோடு சரியான வண்டிகள் பல.

சென்சாரைச் சோதிக்க மல்டிமீட்டர் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பல வண்டிகளில் 20 பாகையில் அதன் மின்தடை 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 பாகையில் 300 ஓம் அளவிலும் இருக்கும். சூடேற ஏற எண் இறங்க வேண்டும். இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலோ, எல்லையற்றது என்று காட்டினாலோ சென்சார் மாண்டுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் கருவி இருந்தால் பி-0117, பி-0118 என்ற குறியீடுகள் சென்சாரின் பழுதையும், பி-0480 விசிறியின் மின்சுற்றுப் பழுதையும் சுட்டும். பொருள் வாங்கச் சொல்வதற்கு முன், "ஸ்கேனரில் என்ன குறியீடு வந்தது?" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. ஏ.சி. வாயுவின் அழுத்தத்தை அறியும் சென்சார் கெட்டாலும் சில வண்டிகளில் இதே விளைவு நேரும்.

இவை யாவும் நன்றாயிருந்து, எஞ்சின் சூடேறிய பிறகே விசிறி நிற்காமல் ஓடுமானால் எஞ்சின் மெய்யாகவே கொதிக்கிறதா என்று பாருங்கள். கூலண்ட் குறைந்திருக்கும், தெர்மோஸ்டாட் வால்வு திறக்காமல் இறுகியிருக்கும், அல்லது கூலண்டுக்குப் பதிலாகப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டரின் குழாய்களில் உப்பு படிந்து அடைத்திருக்கும். கடைசியாகச் சொன்னது நம் ஊர்களில் மிகுதி. பார்க்க விரும்பினால் எஞ்சின் முழுவதும் ஆறும்வரை பொறுத்திருங்கள். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சின் அணைந்திருந்தாலும் விசிறி திடீரென்று சுழலக்கூடும் என்பதையும் மறவாதீர்கள். துப்பட்டாவின் முனை, ஜிப்பாவின் நீண்ட கை, எட்டிப் பார்க்கும் குழந்தையின் விரல் எதுவும் அதன் அருகே செல்லலாகாது.

அவசரத்திற்கு ஒரு வழி உண்டு. நள்ளிரவில் விசிறி நிற்கவில்லை, மெக்கானிக் இல்லை என்றால் அதன் ரிலேயையோ ஃப்யூஸையோ பிடுங்கி வைத்துப் பாட்டரியைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் காலையில் வண்டியை எடுக்குமுன் மறவாமல் திரும்பச் செருகுங்கள். விசிறியில்லாமல் நெரிசலில் சில நிமிடங்கள் நின்றாலே எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்விடும். செலவு பல்லாயிரத்தில் ஏறும்.

இதற்கு எதிரான குறுக்கு வழியொன்றும் ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கத்தில் உள்ளது. விசிறி சரியாக ஓடாத வண்டிக்குச் சென்சாரையும் ரிலேயையும் பார்க்காமல், "டைரக்ட் செய்துவிட்டேன்" என்று சாவியோடு ஒயரை இணைத்துவிடுவார்கள். சாவி போட்டால் விசிறி, அவ்வளவுதான். கொதிக்கும் எஞ்சினின் நோய் வெளியே தெரியாது. அதே வண்டி பின்னர் விற்பனைக்கு வரும். பொருளின் குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்ததே. எனினும் விற்பவருக்கே தெரியாதிருக்கவும் கூடும். பழைய கார் வாங்கச் செல்வோர், "நான் வரும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டாம்" என்று முன்னதாகவே சொல்லி வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில், ஏ.சி. அணைந்திருக்க, சாவி போட்டதும் விசிறி ஓடினால் விசிறியின் ஒயரைக் கண்ணால் தொடர்ந்து செல்லுங்கள். கறுப்பு டேப் சுற்றி, நிறம் பொருந்தாத ஒயர் ஒன்று இடையில் ஒட்டுப் போடப்பட்டிருந்தால், அதை ஏன் போட்டார்கள் என்பதற்கு விடை கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.