பி.பி.ஏ. படிக்கிற பிள்ளையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்



அட்மிஷன் நேரம். "சார், பையனை பி.பி.ஏ. சேர்க்கலாமா, எம்.பி.ஏ. வரைக்கும் படிக்க வைக்கலாமா?" என்று தினமும் யாராவது போன் செய்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தாராளமாகச் சேருங்கள். ஆனால் கட்டடத்தையும் ஏ.சி. வகுப்பையும் பார்த்து மயங்காமல், இன்டர்ன்ஷிப் எத்தனை வாரம், எந்த இடத்தில், யார் மேற்பார்வை என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். தெரிந்த கம்பெனியில் ஒரு சான்றிதழ், சீனியருடைய ரிப்போர்ட்டில் பெயர் மாற்றம், ஸ்பைரல் பைண்டிங். முடிந்தது பயிற்சி. இதற்குத்தான் கல்விக்கடன் வாங்குகிறோமா?

பட்டப்படிப்போடு தொழில் பழகுநர் பயிற்சியை இணைக்கலாம் என்று யு.ஜி.சி. 2020-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 2022-ல் தமிழக அரசின் 'நான் முதல்வன்' வந்தது. திட்டத்துக்குக் குறைவில்லை.

இடத்துக்கும் குறைவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆடிப்பூரத் தேருக்கு எவ்வளவு பால் வாங்குவது? குறைந்தால் வந்த கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். மிஞ்சினால் அதிக நாள் வைத்து விற்க முடியாத சரக்கு. புத்தகத்தில் 'தேவைக் கணிப்பு' என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதை அந்தக் கடை முதலாளி வருஷா வருஷம் சொந்தப் பணத்தை வைத்து எழுதுகிற பரீட்சை இது.

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டிக்கு வாருங்கள். பேண்டேஜ் துணி நெய்து அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர்களைக் கேளுங்கள். 2006-ஆம் வருஷத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், தாமதித்தால் வட்டி. அதைச் சுட்டிக்காட்டி, வாடிக்கையாளரும் கோபித்துக்கொள்ளாமல், பணமும் வந்து சேருகிற மாதிரி ஒரு கடிதம் எழுத எத்தனை எம்.பி.ஏ.வுக்கு வரும்? 'கம்யூனிகேஷன்' என்றால் ஸ்போக்கன் இங்கிலீஷும் குரூப் டிஸ்கஷனும் மட்டும் என்று நினைத்துவிட்டோம். இந்தக் கடிதத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதத் தெரிந்த பிள்ளையை எந்த முதலாளியும் விடமாட்டார்.

"கடையில் நிற்கவா காலேஜுக்கு அனுப்பினோம்?" என்று சில அத்தைமார் கோபிப்பார்கள். நிற்க மட்டும் வைத்தால் அந்தக் கோபம் நியாயம்தான். சம்பளமில்லாத ஆளாகப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் இடங்களும் உண்டு. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு செமஸ்டர் முழுக்க, உதவித்தொகையோடு பயிற்சி இருக்க வேண்டும். வைவா அன்றைக்குப் பேராசிரியரோடு அந்த முதலாளியும் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும்.

கணக்கு நோட்டை வெளியாளிடம் காட்டத் தயக்கம் இருக்கும், புரிகிறது. கொள்முதல் நோட்டு ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள், போதும். கடை, மில், ஏஜென்சி என்று நடத்துகிற என் பழைய மாணவர்களே, இந்த வருஷம் ஆளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியுமா? முடிந்தவர்கள் கீழே ஊரையும் தொழிலையும் எழுதுங்கள். கேட்டு வருகிற பெற்றோரை அனுப்பி வைக்கிறேன்.