கேளாத செவியும் காத்திருக்கும் பெற்றோரும்

வயது வந்தும் பேசாத குழந்தையைக் கண்டு பெற்றோர் கவலையுறுவது இயல்பு. ஆனால், அக்கவலை பிறந்தவுடனேயே அதை உறங்கச் செய்வதற்கு நம் வீடுகளில் நூறு சமாதானங்கள் ஆயத்தமாயிருக்கின்றன. "ஆண் பிள்ளை மெள்ளத்தான் பேசும்" என்பார் பாட்டியார். "இவன் தகப்பனும் மூன்று வயது வரையில் வாய் திறக்கவில்லை" என்பார் அத்தையார். குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளச் சொல்வார் அயலார். இவ்விதம் ஒரு வருஷம் இரண்டாகி, இரண்டு மூன்றாகிறது. எல்லோரும் நாவைக் குறித்தே விசாரிக்கின்றனர். காதைக் குறித்து விசாரிப்பார் ஒருவருமில்லை.

ஊமை என்று நாம் சொல்லும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு நாவிலும் தொண்டையிலும் யாதொரு பழுதுமில்லை. கேளாத மொழியை எவ்வாறு பேசுவது? தமிழ்க் குழந்தை தமிழ் பேசுவது கேட்டுப் பழகியதன் பயனேயன்றி வேறன்று. மொழியைப் பற்றிக்கொள்ளும் சக்தி மூளைக்கு முதல் சில வருஷங்களில் மிகுந்திருக்கிறது. பின்னர் அது குன்றிவிடுகிறது. ஆதலால், காத்திருத்தல் பொறுமையன்று, நஷ்டமே என்று நாம் வற்புறுத்திக் கூறுவோம்.

இதற்காகப் பெற்றோரைத் தூற்றுவது நமது நோக்கமன்று. அவர்கள் ஏமாறுவதற்குத் தக்க காரணங்கள் உள. செவி கேளாத சிசுவும் முதல் மாதங்களில் மற்றச் சிசுக்களைப் போலவே சிரிக்கும். மழலைபோல் ஒலி எழுப்பும். தாய் பின்னால் நின்று தட்டைத் தட்டினால், அவளது நிழலைக் கண்டோ தரையின் அதிர்ச்சியை உணர்ந்தோ திரும்பும். ஓரளவு மட்டும் கேள்வி குறைந்த குழந்தையோ கதவு சாத்தும் ஓசைக்குத் திடுக்கிடும். மெல்லிய எழுத்தோசைகளை மட்டும் இழந்து நிற்கும். பின்னர் பள்ளியில் அதற்கு 'மந்தபுத்தி' என்ற பெயர் வந்து சேருகிறது. இதைவிடக் கொடிய அநீதி உண்டோ?

வீட்டுச் சோதனை போதாதாயின் வேறு வழி என்ன? வழி இருக்கிறது. நலமுள்ள உட்செவி, ஒலியைப் பெற்றபின் தானும் நுண்ணிய எதிரொலி எழுப்புகிறதென்று 1978ல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கில விஞ்ஞானி வெளியிட்டார். அதை ஆதாரமாகக் கொண்ட கருவியால், உறங்கும் சிசுவின் காதைச் சில நிமிஷங்களில் நோவின்றிப் பரீட்சித்துவிடலாம். பிறந்த 1 மாதத்துக்குள் பரீட்சை, 3 மாதத்துக்குள் நோய் நிர்ணயம், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே இத்துறை நிபுணர் வகுத்த நியதி. முதற் பரீட்சையில் தேறாத குழந்தை யாவும் செவிடென்பதில்லை. ஆனால் மறு பரீட்சைக்கு அழைத்துச் செல்லாதிருப்பது பெரும் பிழை. தேறிய குழந்தைக்கும் மூளைச் சவ்வுக் காய்ச்சல் முதலியவற்றால் பின்னர் கேள்வி குறையக்கூடும்.

குழந்தைகளின் செவிக் குறைவில் 100க்கு 60 பங்கு தடுக்கக்கூடியதென்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. கர்ப்பிணியைத் தாக்கும் ருபெல்லா அம்மையைத் தடுப்பூசி தடுக்கும். கடுமையான மஞ்சட்காமாலையை உடனே கவனித்தல் வேண்டும். சீழ் வடியும் காதில் காய்ச்சிய எண்ணெய் விடும் வழக்கம் ஒழிய வேண்டும். நெருங்கிய உறவில் மணம் முடிப்போர் பரம்பரைச் செவிட்டுத்தன்மையின் அபாயத்தை அறிந்திருத்தல் நலம்.

காதுக் கருவி என்றதும் "நாலு பேர் என்ன சொல்வார்கள், பெண்ணுக்கு வரன் எப்படி வரும்?" என்று கலங்குவோர் பலர். மூக்குக்கண்ணாடிக்கு இல்லாத வெட்கம் காதுக் கருவிக்கு ஏன்? கருவியால் பயன் பெறாதோருக்கு உட்செவியில் பொருத்தும் 'காக்ளியர்' சாதனம் உண்டு. தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாக அச்சிகிச்சை செய்யப்படுகிறது. ஆயினும் கருவி பொருத்தியதோடு காரியம் முடிந்ததாக எண்ணலாகாது. அதன் பின் பல மாதங்கள் பேச்சுப் பயிற்சி வேண்டும். அதில் தாய் தந்தையரே முதல் உபாத்தியாயர். சைகை மொழியும் இழிவானதன்று. அதுவும் இலக்கணமுள்ள முழு மொழியே. எந்த வழியிலாயினும் குழந்தை மொழியின்றி வளரலாகாது என்பதே முக்கியம்.

செவிட்டுத்தன்மைத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 2006ல் தோன்றியது. குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறியும் திட்டம் 2013ல் வந்தது. திட்டம் சர்க்காருடையது, அதைத் தேடிச் செல்லும் கால்கள் ஜனங்களுடையவை. பிரசவம் நடக்கும் ஒவ்வோரிடத்திலும், தாய் வீடு திரும்புமுன் சிசுவின் காதைப் பரீட்சிக்க வேண்டுமென்று ஜனங்கள் கேட்க வேண்டும். கூட்டங்களில் உரக்கப் பேசும் நம் ஊழியர்கள், தம் தெருவில் பேசாதிருக்கும் ஒரு குழந்தையின் காதை யாரேனும் சோதித்தார்களா என்று விசாரிப்பார்களாக. நம் சொற்பொழிவுகளைக் கேட்க இயலாத அக்குழந்தைக்கு நாம் செய்யக்கூடிய தொண்டு அதுவே.