மலையகத்தை எந்தப் பெயரில் தேடுவது?

அண்மையில் ஹட்டனைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவி ஒருவர் என்னை அழைத்தார். தோட்டப் பிள்ளைகளின் போசாக்கின்மை பற்றி ஆய்வு செய்கிறார். “அண்ணா, மலையகத் தமிழர் என்று ஆங்கிலத்தில் தேடினால் மருத்துவக் கட்டுரைகள் பெரிதாக வரவில்லை” என்றார்.

பிழை அவருடையதல்ல. மருத்துவ ஆய்வாளர்கள் இம்மக்களைப் பெரும்பாலும் ‘எஸ்டேட் செக்டர்’ என்றே எழுதுகிறார்கள். குடிசன மதிப்பீட்டில் நீண்டகாலமாக அவர்கள் ‘இந்தியத் தமிழர்’. ஒரே லயத்தில் வாழும் குடும்பத்துக்கு மூன்று பெயர்கள். எல்லாவற்றையும் இட்டுத் தேட வேண்டும்.

அடுத்தது, எங்கே தேடுவது? மருத்துவத்துக்கு பப்மெட் நல்லது; இலவசம். ஸ்கோபஸ், வெப் ஒஃப் சயன்ஸ் இரண்டும் தெரிவுசெய்த இதழ்களையே சேர்ப்பவை. பல்கலைக்கழகம் சந்தா கட்டியிருந்தால்தான் முழுமையாகப் பயன்படும். ஆங்கிலச் சுருக்கம் இல்லாத இதழை ஸ்கோபஸ் ஏற்பதில்லை. தமிழில் மட்டும் எழுதப்பட்டது அங்கே இல்லாததற்குச் சமம். கூகுள் ஸ்கொலர் வலையை அகல விரிக்கும். ஆனால் தரத்தை நாமே பார்க்க வேண்டும். உள்நாட்டு ஆய்விதழ்களுக்கு ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ இருக்கிறது. தமிழில் வெளிவந்த மலையக நூல்கள், சஞ்சிகைகள், மலர்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நமக்கு அதன் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த மாணவிக்கு மிகவும் தேவைப்பட்ட எண் ஓர் அரச அறிக்கையில் இருந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய ரீதியில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் தேடுபவர் இந்த மூல அறிக்கையைத் தவறவிடக்கூடும்.

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; அது 1925இல் உருவானது. தேயிலைச் செடிக்கு நூறாண்டு அறிவியல் உண்டு. கொழுந்து பறிப்பவரின் பிள்ளை பற்றிய ஆய்வோ பல பெயர்களில், பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. சம்பளம், காணி, வீடு என்று பேசப்போகும்போது “ஆதாரம் எங்கே?” என்று கேட்கிறார்கள். தேடியது கிடைக்கவில்லை என்பதால் ஆதாரமே இல்லை என்றாகிவிடாது. ஒரு தளத்தோடு, ஒரு பெயரோடு தேடலை நிறுத்திவிட்டால், அந்தக் கேள்விக்கு முன்னால் நாமே வெறுங்கையோடு நிற்போம்.