பைக் ஓட்டத் தெரியும்... நிறுத்தத் தெரியுமா?

பைக் பழகும் பிள்ளை, வண்டியை ஆஃப் ஆக்காமல் கிளப்பி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்துவிட்டால், 'ஓட்டக் கத்துக்கிட்டான்' என்று வீட்டில் சொல்லிவிடுகிறோம். கால் ஊன்றாமல் '8' போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டால் கவலை விட்டது! ஆனால், சாலையில் உயிரைக் காப்பாற்றும் பாடம் வேறு. அது, நிறுத்தப் பழகுவது.

மணிக்கு 40 கி.மீ வேகத்தில் போகும் பைக், ஒரு நொடியில் 11 மீட்டரைக் கடந்துவிடும். குறுக்கே நாய் ஓடிவந்தால், அதைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே ஒரு நொடி போய்விடலாம். அதன் பிறகுதான் வேகம் குறையவே ஆரம்பிக்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் சுமார் நான்கு மடங்காகும்.

'முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுந்துடுவே' என்பது புதியவர்களுக்குக் கிடைக்கும் முதல் அட்வைஸ். அதை நம்பி, கால் பிரேக்கை மட்டும் மிதிப்பது ஆபத்து. பிரேக் பிடித்ததும் எடை முன்பக்கம் போகும். முன் சக்கரம் சாலையை நன்றாகப் பற்றும். பின் சக்கரத்தின் பிடிமானம் குறைந்து, இழுத்துக்கொண்டு போகும். எனவே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்காமல், படிப்படியாக அழுத்த வேண்டும்.

வளைவு, மணல், ஈரமான சாலை ஆகியவற்றில் கவனம் தேவை. அங்கே போய் பிரேக் பிடிப்பதைவிட, நுழையும் முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் பாதுகாப்பு. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். ஏ.பி.எஸ் இருந்தால் சக்கரம் 'லாக்' ஆகாது. அதற்காக வண்டி நினைத்த இடத்தில் நின்றுவிடாது.

காலி மைதானத்தில், ஹெல்மெட்டை ஸ்ட்ராப் போட்டு அணிந்து, 20 கி.மீ வேகத்தில் நிறுத்தப் பழகலாம். கை பதறாமல் நின்ற பிறகு 30-க்குப் போகலாம். தினமும் 15 நிமிடம் போதும்.

எல்.எல்.ஆர் மட்டும் இருக்கும்போது, லைசென்ஸ் உள்ள பயிற்சியாளரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. லைசென்ஸ் வந்த பிறகும், ஆள் ஏறினால் எடை கூடும். வண்டி நிற்கும் விதமும் மாறும். அதனால், 'தங்கச்சியை டியூஷன்ல விட்டுட்டு வா' என்று சாவியைக் கொடுப்பதற்கு முன், ஒருநாள் மைதானத்துக்குப் போய், பிள்ளை எப்படி நிறுத்துகிறான் என்று பார்த்துவிடுங்கள்.