அசையாத தண்ணிய நம்பாதீங்க

காலாண்டு லீவு வந்தாச்சு. ஃபோனைத் திறந்தா ஒரே ரீல்ஸ். 'கூட்டமே இல்லாத அமைதியான ஏரி', 'கண்ணாடி மாதிரி தண்ணி, கயாக் எடுத்துட்டுக் கிளம்புங்க'. லொகேஷன் வேணும்னா கமெண்ட்ல கேக்கணுமாம். அரசு மருத்துவமனை கேசுவாலிட்டில டூட்டி பார்க்குற எனக்கு இதைப் பார்த்தா கோபம்தான் வருது. த்ரெட் கொஞ்சம் நீளம். பிள்ளைகளைக் கூட்டிட்டுத் தண்ணிப் பக்கம் போறவங்க படிச்சிட்டுக் கிளம்புங்க.

சில வருஷம் முன்னாடி இதே புரட்டாசில ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. ஒன்பதாவது படிக்கிறவன். ஆன்லைன்ல வாங்கின காத்தடிக்கிற படகு, ரெண்டு துடுப்பு, போன இடம் கைவிட்ட கல்குவாரி. படகு வாங்கினவங்க ஜாக்கெட் வாங்கல. நாங்க முக்கால் மணி நேரம் போராடினோம். முடியல. அவங்க அப்பா திரும்பத் திரும்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார்: "தண்ணி ஆடவே இல்லீங்க டாக்டர்."

ஆடாதுதான். குவாரித் தண்ணி ஏன் அவ்வளவு அமைதின்னு யோசிச்சிருக்கீங்களா? நாலு பக்கமும் செங்குத்தான பாறை, காத்து உள்ளே வராது. அதே பாறைதான் விழுந்தவன் பிடிச்சு ஏறவும் விடாது. கரையில இருந்து ரெண்டாவது அடியே பாதாளம். மேல வெதுவெதுன்னு இருக்கும், கொஞ்சம் கீழே போனா சில்லுன்னு இருக்கும். ரீல்ல அழகாத் தெரியுற அந்தப் பச்சைத் தண்ணிதான் நான் பார்த்ததுலயே மோசமான தண்ணி.

தடுப்பணையும் இதே கதைதான். தண்ணி வழிஞ்சு விழுற இடத்துக்குக் கீழே சுழற்சி இருக்கும். மேல் தண்ணி அணைப் பக்கமாவே திரும்ப இழுக்கும். உள்ளே போன படகும் ஆளும் அதே இடத்துல சுத்திக்கிட்டே இருப்பாங்க. நீச்சல் தெரிஞ்சவனும் அதுல தோத்திருக்கான். மணல் அள்ளின ஆத்துல இன்னொரு வம்பு. இடுப்பளவு தண்ணில நடந்துட்டே இருப்பீங்க, அடுத்த அடில தரை இருக்காது. மேல இருந்து பார்த்தா எல்லாம் ஒரே மட்டம்.

அதனால 'அமைதியா இருக்கா'ங்கறது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, விழுந்தா எப்படி வெளியே வர்றது? சரிவான கரை இருக்கா, கால் ஊனுமா, கூப்பிட்ட தூரத்துல இன்னொரு படகு இருக்கா? இதுக்குப் பதில் தெரியலைன்னா அங்கே படகை இறக்காதீங்க.

காவிரில பரிசலோ கயாக்கோ போறவங்க, உங்க ஊர் வானத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. மழை குடகுல பெய்யும், வெள்ளம் உங்க காலடிக்கு வரும். 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு மேலணை மதகுகளையே அடிச்சுட்டுப் போன தண்ணி திருச்சில பெஞ்ச மழை இல்ல. கிளம்புற அன்னிக்குக் காலைல மேட்டூர்ல எத்தனை கன அடி திறந்திருக்காங்கன்னு செய்தியில பாருங்க. ஒகேனக்கல்ல பரிசலுக்குத் தடை போட்டா, பரிசல்காரர்கிட்ட தனியாப் பேசி ஏறாதீங்க. தடை இருக்குற நாள்ல அவரும் சம்பாதிக்க முடியாம தவிக்கிறார், உண்மைதான். அதுக்கு அரசு நிவாரணம் குடுக்கணும், நீங்க உயிரைக் குடுக்கக் கூடாது.

எங்கேதான் போறதுன்னு கேட்டா, பிச்சாவரம் போங்க. அலையாத்திக் காட்டுக்குள்ள கால்வாய்கள், பெரும்பாலும் ஆழம் கம்மி, துடுப்பு போடத் தெரிஞ்ச படகுக்காரர் கூட வருவார். அடியில சேறு, அதனால அங்கேயும் ஜாக்கெட் உண்டு. கொடைக்கானல், ஏற்காடு ஏரின்னா கரை பக்கத்துலயே, சுத்தி ஆளும் இருப்பாங்க. கூட்டமா இருக்குன்னு சலிச்சுக்காதீங்க, அந்தக் கூட்டம்தான் உங்க பாதுகாப்பு. எங்கே போனாலும் காலைலயே முடிச்சுக்குங்க. புரட்டாசில மத்தியானத்துக்கு மேல இடி மின்னலோட மழை திடீர்னு இறங்கும். ஐப்பசில வடகிழக்குப் பருவமழை பிடிச்சுட்டா இந்த வருஷக் கணக்கை அதோட மூடிடுங்க.

"நாங்கல்லாம் கிணத்துல குதிச்சு வளர்ந்தவங்க, ஒண்ணும் ஆகல"ன்னு கமெண்ட் போட ஒரு அண்ணன் வருவார். அண்ணே, ஆனவங்க கமெண்ட் போட வர மாட்டாங்க. 2021ல மட்டும் உலகத்துல சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கிச் செத்தாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தேக்கடி ஞாபகம் இருக்கா? 2009 செப்டம்பர் 30. இதே லீவு சமயம்தான். அலையே இல்லாத ஏரில சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனாங்க.

ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில வச்சுட்டு, 'தேவைப்பட்டா போட்டுக்கலாம்'னு சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியவே இல்ல. விழுந்தப்புறம் எப்படிப் போடுவீங்க? மூழ்குறவன் சினிமால மாதிரி கத்தவும் மாட்டான். வாய் தண்ணிக்கு மேல வர்ற அந்த நொடில மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும். பத்தடி தள்ளி செல்ஃபி எடுக்குறவங்களுக்குக் கூட கேக்காது. பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டிட்டு, ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க. ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினா அது அளவில்ல, வேற கேளுங்க. வேற இல்லைன்னா இறங்கிடுங்க. டிக்கெட் காசு போகட்டும்.

அப்படியும் ஒருத்தர் மூழ்கிட்டா, வெளியே எடுத்ததும் காலைப் பிடிச்சுத் தலைகீழாச் சுத்தாதீங்க. வயித்தை அமுக்கித் தண்ணி எடுக்காதீங்க. அந்தப் பையனுக்கும் கரையில இதைத்தான் செஞ்சாங்க, அதுலயே நிமிஷம் போச்சு. பிராணவாயு இல்லாம நாலஞ்சு நிமிஷத்துல மூளை கெட ஆரம்பிக்கும். ஒருத்தர் 108க்கு அடிக்கட்டும். மூச்சு இல்லைன்னா மல்லாக்கப் படுக்க வச்சு, தலையைப் பின்னால சாய்ச்சு, மூக்கைப் பொத்தி, வாயோட வாய் வச்சு முதல்ல மூச்சு ஊதுங்க, அஞ்சு தடவை. அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அமுக்கு, 2 மூச்சு. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. முழிச்சுட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, நுரையீரல் சில மணி நேரம் கழிச்சும் மோசமாகலாம்.

இன்னொண்ணு. போயிட்டு வந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம். மருந்துக் கடையில மாத்திரை வாங்கிப் போடாம எங்ககிட்ட வாங்க. வந்ததும் 'ஏரில இறங்கினேன்'னு நீங்களா முதல்ல சொல்லுங்க. ஓபி கூட்டத்துல நாங்க கேக்க மறந்துடுவோம்.