சொன்னவண்ணம் கேட்டல்

ஓரிக்கை என்ற பெயரே ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது என்பார்கள். பல்லவ மன்னனைப் பாட மறுத்த கணிகண்ணனை நாடு கடத்தினார்கள். குருவான திருமழிசை ஆழ்வாரும் உடன் கிளம்பினார். அவர் சொல்கேட்டுத் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். ஓரிரவு அவர்கள் தங்கிய ஊர் இது. அந்தப் பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர். கேட்டதால் வந்த பெயர்.

இதே ஊரில் வயதுக்கு வந்த பெண்ணுக்கு நாம் சொல்லித்தருவது என்ன? "பாத்துப் பேசு." தறிச்சத்தத்தை மீறி அவள் குரல் எழுந்தால் அதட்டல். பொறுப்பான பேச்சு என்பதன் முழுப் பாரமும் அவள் தலையில். 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்று பையனுக்கு யார் சொல்லித்தருகிறோம்? நம்பி அனுப்பிய படத்தை நண்பனுக்குத் தள்ளிவிடாதே என்று எந்த வகுப்பில் சொல்கிறோம்?

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கேட்பவருக்குத்தான் விதி வகுக்கிறது. பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் வாங்கு, சீருடையில் போகாதே, அவள் சொன்னபடியே எழுது. காவலருக்குச் சட்டம் கற்பிப்பதை வீடும் பள்ளியும் ஏன் கற்கக்கூடாது?

"நீ ஏன் அங்க போன?" என்று மடக்கும் வீட்டில் 1098 என்ற உதவி எண்ணைச் சுவரில் எழுதிவைத்து என்ன பயன்?

நம் பெண்களுக்குப் பேசத் தெரியும். பாடம் தேவைப்படுவது செவிகளுக்கு.