கீரையால் தீராத சோகை

“என் தாயாருக்கு எழுபது வயது. இரும்புச் சத்து மாத்திரையும் முருங்கைக் கீரையும் கொடுத்தும் சோகை தீரவில்லை, கண்ணும் மஞ்சளித்தது. கழுத்துக் கட்டியை அறுத்துச் சோதித்த வைத்தியர், ‘அஞ்சியோ இம்யூனோபிளாஸ்ரிக்’ எனும் ரி கல நிணநீர்ப் புற்றுநோய் என்கிறார். சோகைக்கும் அதுவே காரணமாம். கழுத்துக் கட்டிக்கும் சோகைக்கும் என்ன தொடர்பு?” என வினவுகிறார் ஒரு வாசகி.

பெயரின் நீளம் கண்டு மலைக்க வேண்டாம், அம்மணி. 1974-ஆம் ஆண்டில் இந்நோய் விவரிக்கப்பட்டபோது அறிஞர் பலரே இதனைப் புற்றுநோயென எண்ணவில்லை.

செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். தங்கள் தாயாரின் உடலில் அவை அத்தனை நாள் வாழ விடப்படுவதில்லை. குறைந்தது இரும்பன்று, கீரையைப் பழித்துப் பயனில்லை.

கிருமிகளை எதிர்க்கும் பிறபொருளெதிரிகளை ஆக்குபவை பீ கலங்களின் வழிவந்தவை. அவற்றை ஊக்கி நெறிப்படுத்துவது ரி கலங்களுள் ஒரு வகை. அவ்வகையே புற்றுநோயுற்றுப் பெருகினால் ஊக்குதல் அளவு கடக்கிறது. வரைமுறையின்றி எழும் பிறபொருளெதிரிகளுட் சில, சொந்தச் செங்கலங்களிலேயே ஒட்டிக்கொள்கின்றன. அவ்வாறு குறியிடப்பட்டவற்றை மண்ணீரல் விழுங்கிவிடுகிறது. அழிந்த கலங்களிலிருந்து உண்டாகும் நிறப்பொருளே கண்ணில் மஞ்சளாகத் தெரிவது. சிலருக்குக் குருதிச் சிறுதட்டுக்களும் இவ்வாறே அழிய, தோலிற் செம்புள்ளிகளும் முரசிற் குருதிக் கசிவும் காணும்.

செங்கலத்தில் ஒட்டிய பிறபொருளெதிரியைக் காட்டித்தருவது கூம்ஸ் சோதனை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரொபின் கூம்ஸ் என்பார் வேறிருவருடன் 1945-இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது.

ஸ்ரீரொயிட் மாத்திரை இவ்வழிவைத் தணிக்கும். ஆயின் அதே மாத்திரை கட்டியையும் சிறிது காலம் சுருங்கச் செய்யும். கட்டியைச் சோதிக்குமுன் அதனை உட்கொண்டால் நோய் தன் முகத்தை மறைத்துக்கொள்ளும், நுணுக்குக்காட்டியும் ஏமாறலாம். சோகை உயிருக்கே ஆபத்தாக முற்றியிருந்தாலன்றி, முதலிற் கட்டியைச் சோதிப்பதே முறை. தங்கள் வைத்தியர் அவ்வாறே செய்திருக்கிறார்.

இனிப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை நடைபெற வேண்டும். மூலம் அடங்காவிடின் சோகை மீளவும் தலைகாட்டும். கண்ணின் மஞ்சள் மறைந்ததும் மாத்திரையை வீட்டிலேயே நிறுத்திவிடும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீண்ட நாள் உட்கொண்ட ஸ்ரீரொயிட்டைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

இன்னொன்று. தாயாருக்குக் குருதி ஏற்ற நேரிட்டால், பொருத்தமான குருதியைத் தேர்வதற்கு வழமையிலும் அதிக நேரம் பிடிக்கலாம். குருதி வங்கியினரைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்களும் அதே பிறபொருளெதிரியோடுதான் மல்லாடுகிறார்கள்.